மசுயோ பக்கத்து ஒழுகல்

காருக்குள் தரை முழுக்கச் செய்தித்தாளை விரித்துவிட்டு வெளியே வந்து, ரப்பர் குழாயைக் கையில் எடுத்தார் தொகுஜி. ஒழுகல் கண்டுபிடிப்பது இரண்டு ஆள் வேலை. ஒருவர் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இன்னொருவர் வெளியே நின்று, கீழிருந்து மேலாக, அவசரப்படாமல் தண்ணீர் காட்ட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து உள்ளே உட்கார்ந்தவள் மசுயோ. அவள் இந்தப் பிப்ரவரியில், பனி ஜன்னலை மறைத்து நின்ற வாரத்தில், போய்ச் சேர்ந்துவிட்டாள். இப்போது அவள் இடத்தில் செய்தித்தாள். நனைந்த இடம் கறுத்துக் காட்டும், அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது.

மசுயோ உள்ளே இருந்தால் அது வேறு கதை. காலில் ரப்பர் பூட்ஸ், மடியில் பிளாஸ்டிக் விரிப்பு, தலையில் குளியல் தொப்பி என்று ஆயத்தமாக ஏறுவாள். கண்ணாடியைத் தட்டித் தட்டி, இங்கே வருகிறது, அங்கே வருகிறது என்று கத்துவாள். மழைக்கால உலாவிலும் அவள் வாய் ஓயாது. வெளியே மழை விட்டுவிட்டது, உள்ளே எப்போது விடும் என்று கேட்பாள். ஊருக்கே தெரிந்த கிண்டல் அது.

அறுபதுகளில் வந்த, இரண்டு கதவு வைத்த, வெண்ணெய் நிறக் கார். தொகுஜி அரிசி அப்பளத் தொழிற்சாலையில் இயந்திரம் பார்த்த காலத்தில், முதல் போனஸில், ஏற்கெனவே பழையதாகிவிட்ட அதை வாங்கினார். அதற்குள் தின்னக் கூடாது, ஈரக் குடையோடு ஏறக் கூடாது, செருப்பைத் துடைக்காமல் கால் வைக்கக் கூடாது. சாமிக்குக்கூட இத்தனை ஆசாரம் அவர் வைத்ததில்லை. டிசம்பரில் முதல் பனி விழுவதற்குள் கொட்டகைக்குள் போய்விடும், ஏப்ரலில்தான் வெளியே வரும். அப்படிப் பொத்திப் பொத்தி வைத்த காரில், மசுயோ உட்காரும் இடப்பக்கத்து ஒழுகலை மட்டும் அவர் கடைசிவரை சரியாகப் பார்க்கவே இல்லை. ஸ்டியரிங் இருக்கும் வலப்பக்கம் ஒரு சொட்டு விழுந்தால் அன்றைக்கே ரப்பரைப் பிரித்துவிடுவார். அவள் கால் நனைகிறது என்று சொன்னால், அதற்குத்தான் பூட்ஸ் போட்டிருக்கிறாயே என்பார். அவளும் சிரித்துவிட்டுப் போவாள்.

இத்தனை வருஷம் கழித்து இப்போது என்ன அவசரம் என்றால், மசுயோ கேட்டுவிட்டுப் போயிருந்தாள். ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள். ஓபோன் பண்டிகைக்கு இறந்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள். அவர்கள் ஏறிவர வெள்ளரிக்காயில் நான்கு குச்சி செருகிக் குதிரை செய்து வைப்பது எங்கள் வழக்கம். கல்லறைக்குப் போய் விளக்கேற்றி, வாருங்கள் என்று கூப்பிட்டு, அந்த விளக்கோடு வீட்டுக்குக் கூட்டி வருவதும் உண்டு.

"முதல் ஓபோனுக்கு என்னை நம்ம வண்டியில கூட்டிட்டுப் போங்க. நீங்களும் யூசாகுவும் சேர்ந்து ஒரே வண்டியில வரணும். தனித்தனியா வந்தா நான் எழுந்திரிக்கவே மாட்டேன்" என்றாள்.

சரி என்றார்.

"ஒழுகாம இருக்கணும். ஒழுகுச்சுன்னா வெள்ளரிக்காய்லயே வந்துடுவேன். அதுவாவது நனையாது."

யூசாகு அவர்களுடைய ஒரே பிள்ளை. கோபெ நகரில் கப்பல் கம்பெனி ஒன்றில் வேலை. அவனும் அப்பாவும் பேசிப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அம்மாவின் சாவுக்கு வந்தான், எல்லோருக்கும் குனிந்து வணங்கினான், அப்பாவுக்கும் அதே அளவுக்குத்தான் குனிந்தான், எலும்பு பொறுக்கி முடித்ததும் மாலை ரயிலில் போய்விட்டான்.

காரணமும் இந்தக் கார்தான். யூசாகு லைசென்ஸ் எடுத்த புதிது. பெரிய மனசு பண்ணி அப்பா அவனுக்குச் சாவியைக் கொடுத்திருந்தார், ஒரே ஒரு நிபந்தனையோடு. கடல் பக்கம் மட்டும் போகக் கூடாது. ஒரு கோடை முழுக்க ஓட்டினான். அந்த இலையுதிர் காலத்தில், கொட்டகையில் ஏற்றுவதற்கு முன்னால் தொகுஜி கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தார். தரையின் மூன்று மூலைகளில் தகரம் பொரிந்து உப்பியிருந்தது. ஸ்குரூடிரைவரால் லேசாகக் குத்தினார். பிஸ்கட் மாதிரி உடைந்து உள்ளே போனது. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்புக் கரித்தது.

எங்கள் நாகஓகாவில் சாலைக்கு உப்புப் போடுவது அபூர்வம். தெருவின் நடுவே பதித்த குழாய் நிலத்தடித் தண்ணீரைப் பீய்ச்சும், பனி கரைந்து ஓடும். அந்தத் தண்ணீரில் இரும்புச் சத்து அதிகமாதலால் தெருவெல்லாம் செங்கல் நிறத்தில் கறைபிடித்துக் கிடக்கும், ஆனால் உப்பு இருக்காது. அதனால்தான் தொகுஜிக்குச் சந்தேகமே வரவில்லை. உப்பு என்றால் கடல். பையன் சிநேகிதர்களை ஏற்றிக்கொண்டு தெராதொமாரி கடற்கரைக்குப் போயிருக்கிறான். குளித்துவிட்டு ஈரத் துணியோடு ஏறி, மூலைக்கு மூலை துணியைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள்.

யூசாகு இல்லவே இல்லை என்றான். தொகுஜிக்கு மூக்கின் மேல் கோபம். பொய் வேறா என்று கத்தினார். போய் நீயே கம்பளத்தைப் பிரித்துப் பார், உன் கையாலேயே சுத்தம் பண்ணு என்று கொட்டகைக்குள் தள்ளினார். மசுயோ சமையலறை வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். பையன் வெகுநேரம் உள்ளேயே இருந்தான். வெளியே வந்தபோது கையெல்லாம் துருவும் சேறும். முகத்தைப் பார்க்காமல், "ஆமா, கடலுக்குத்தான் கொண்டுபோனேன்" என்றான். அவ்வளவுதான். மன்னிப்புக் கேள் என்றார் அப்பா. கேட்கவில்லை. பொய் சொல்கிறவனுக்கு என் வீட்டில் இடமில்லை என்று அவர் சொன்னார், அவன் சாவியை ஷூ அலமாரி மேல் வைத்துவிட்டுப் போனான்.

அன்றிலிருந்து தொகுஜி பிடித்த பிடியில் நின்றார். ஒரு வார்த்தை, மன்னிச்சிடுங்க என்று ஒரே ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரட்டும், கதவு திறந்திருக்கிறது என்பார். வருஷப் பிறப்புக்கெல்லாம் மசுயோ மகனோடு போனில் மன்றாடுவாள். அந்த ஒரு வார்த்தை வரவில்லை. இந்த ஜூனில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும், ஓபோனுக்கு வந்து முதலில் அவன் கேட்கட்டும் என்றுதான் மனுஷர் நினைத்துக்கொண்டிருந்தார். கேட்டானானால் உடனே மன்னித்துவிடுவதாகவும் முடிவு செய்து வைத்திருந்தார். பெரிய வள்ளல்தான்.

மூன்றாம் நாள் ஒழுகல் பிடிபட்டது. தண்ணீர் தெரிவது மசுயோவின் காலடியில், நுழைவது அங்கே இல்லை. முன்கண்ணாடியின் இடது மேல் மூலையில் ரப்பர் கல்லாக இறுகிச் சுருங்கியிருந்தது. அந்த இடுக்கில் புகுந்த நீர் கண்ணாடியோரக் கம்பத்துக்குள்ளேயே வழிந்து, டேஷ்போர்டுக்குப் பின்னால் இறங்கி, கீழே வந்து சொட்டியது. கண்ணாடியைக் கழற்றிப் பழைய ரப்பரைப் பிய்த்தெறிந்தார். விளிம்பைச் சுரண்டித் துருவெடுத்து, ப்ரைமர் அடித்து, புது ரப்பர் போட்டு ஏற்றினார். இரண்டு நாள் வேலை. இரண்டே நாள். இதைச் செய்யத்தான் அவளை ஆயுசு முழுக்கப் பூட்ஸோடு உட்கார வைத்திருந்தார்.

ஆனால் இத்தனை வருஷம் இறங்கிய தண்ணீர் சும்மா இருக்குமா? சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல தகரம் கணீர் என்றது. கதவுக்கு முன்னால், மசுயோவின் கால் பக்கத்துச் சுவர் அடியில், சத்தம் பொத்தென்று செத்துப்போனது. வெட்டித்தான் ஆக வேண்டும். வெல்டிங் மெஷினோடு கோபாரியைக் கூப்பிட்டார்.

கோபாரி பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதர், பட்டறை வைத்திருப்பவர். அந்தக் காலத்தில் தரையின் மூன்று ஓட்டைகளை அடைத்ததும் அவர்தான். துரு மேலிருந்து கீழே தின்றிருக்கிறதே, கடற்கரையில் ஓட்டினால் அடியிலிருந்தல்லவா தின்னும் என்று அன்றைக்கே கேட்டவர். தொகுஜி ஈரத் துணிக் கதையைச் சொல்லி அவர் வாயை அடைத்திருந்தார்.

கிரைண்டர் வைத்துக் கீழ்த்தகரத்தை அறுத்தார் கோபாரி. உள்ளே காய்ந்த சேறு, சீடர் மரத்து ஊசியிலைகள், பொடிப்பொடியாகத் துரு. கையை விட்டு வாரி வாரி வெளியே போட்டார். அந்தக் குப்பையோடு சேர்ந்து, தீப்பெட்டி அளவுக்கு ஒரு காகிதப் பொட்டலம் வந்தது. பாதி நனைந்து பாதி இறுகிக் கல்லாகிவிட்ட பொட்டலம். ஊதிப் பார்த்தார். எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் அது என்னவென்று தெரியும். சாவு வீட்டில் ஆளுக்கொன்று கொடுப்பார்கள். வீடு திரும்பியதும் வாசலிலேயே பிரித்து, தோளிலும் காலிலும் தூவிக்கொண்டுதான் உள்ளே நுழைவோம். தீட்டுக் கழிக்கும் உப்பு.

கோபாரி அதை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"ஏன்டா தொகுஜி," என்றார் கோபாரி. "கடல் பொட்டலம் கட்டிக்கிட்டா வரும்?"

தொகுஜி அதைக் கையில் வாங்கினார். யூசாகு கார் ஓட்டிய கோடைக்கு முந்தின குளிர்காலம் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. மசுயோவின் அக்கா மகன், யூசாகு வயதுப் பையன், பனியில் லாரியில் மோதிச் செத்தான். சாவு வீட்டிலிருந்து திரும்பியதிலிருந்து மசுயோவுக்குத் தூக்கமே இல்லை. நம்ம பையனும் வண்டி ஓட்டப்போகிறானே என்று புலம்பிக்கொண்டே இருந்தாள். வீட்டு மூலைகளில் உப்பு வைத்தால் கெட்டது அண்டாது என்பது அவள் பிறந்த வீட்டு நம்பிக்கை. காரில் ஒரு தாயத்துத் தொங்கவிடக்கூட அவர் சம்மதிக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அதனால் சொல்லாமல் வைத்திருக்கிறாள். நாலு மூலைக்கும் கம்பளத்தடியில் நாலு பொட்டலம். உப்பு ஈரத்தை இழுத்தது, ஒழுகல் தண்ணீர் அதைக் கரைத்தது, கரைந்த உப்பு தகரத்தைத் தின்றது. நாலாவது பொட்டலம் மட்டும் அவள் காலே பட்டு நகர்ந்து சுவரிடுக்கில் விழுந்திருக்கிறது.

அப்படியானால் மற்ற மூன்றும் எங்கே என்ற கேள்விக்கு அவருக்கு உடனே பதில் தெரிந்தது. மூன்றும் நைந்து கம்பளத்தின் அடிப்பக்கம் ஒட்டிக்கிடந்திருக்கும், அன்றைக்கு அதை முழுக்கப் பிரித்தவன் யூசாகு. கொட்டகைக்குள் அத்தனை நேரம் இருந்தவன் யூசாகு. தொகுஜி கொட்டகைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு நாள் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். கடைசியில் பேசியபோது, எப்படி இருக்கிறாய் என்று ஆரம்பிக்கக்கூட அவருக்கு வரவில்லை. உப்புப் பொட்டலம் ஒன்று கிடைத்தது என்றார்.

"உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா அம்மாவைத் திட்டியிருப்பீங்க. என்னைத் திட்டினீங்க, நான் கிளம்பிப் போயிட்டேன். அம்மா எங்கே போவாங்க?"

மகன் மெதுவாக, யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னான். கிளம்புகிற அன்றைக்கு அம்மாவிடம், நீங்க வெச்ச உப்பைப் பார்த்தேன், நனையாமல் பத்திரமாக இருந்தது, நாலையும் நானே எடுத்து வைத்துக்கொண்டேன் என்று சொல்லியிருக்கிறான். அவளுக்கு அதில் அவ்வளவு சந்தோஷமாம். ஊர்விட்டு ஊர் போனாலும் அந்த உப்புத்தான் உன்னைக் காப்பாற்றுகிறது என்று போனில் அடிக்கடி சொல்வாளாம். அதே போனில், அப்பாவிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளேன், உன் பிடிவாதம்தான் என்னைக் கொல்கிறது என்றும் அழுவாளாம். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும் அதைத்தான் கேட்டாளாம்.

"ஒரு பேச்சுக்குக் கேட்டுத் தொலைச்சிருக்கலாமேடா" என்றார் தொகுஜி. சொன்ன பிறகுதான் என்ன சொல்கிறோம் என்று அவருக்கே உறைத்தது.

"கேட்டிருக்கலாம். ஆனா நான் இல்லைன்னு சொன்னப்போ நீங்க நம்பல. ஆமான்னு பொய் சொன்னேன், உடனே நம்பிட்டீங்க. இருபது வருஷம் உங்க கண்ணு முன்னாடி வளர்ந்தவன்ப்பா நான். அதுதான் வாய் வரல."

தொகுஜி அழுதார். ஓபோனுக்கு வா, உன் அம்மா முன்னால் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், நீ ஒரு தப்பும் பண்ணவில்லை என்று அவளிடம் சொல்கிறேன் என்றார்.

"வரேன். ஆனா அதை மட்டும் அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்றான் மகன்.

"அவதான் போயிட்டாளே."

"ஓபோனுக்கு வருவாங்கல்ல."

ஜூலை முழுக்கத் தொகுஜி வேலை செய்தார். நல்ல தகரம் தெரிகிறவரை வெட்டியெறிந்து, புதுத் தகரம் வளைத்துப் பொருத்தினார். கோபாரி பற்றவைத்துக் கொடுத்தார். மூட்டுக்கு மூட்டு பசை அடைத்தார், பெட்டிபோல் மூடிய இடங்களுக்குள்ளெல்லாம் மெழுகெண்ணெய் பீய்ச்சினார். மறுபடி செய்தித்தாள் விரித்து ஒரு முழுப் பகல் தண்ணீர் காட்டினார். தாள் மொடமொடவென்று காய்ந்தபடியே இருந்தது. அந்தக் காய்ந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, காட்டுவதற்கு ஆளில்லாமல் நின்றார்.

ஓபோன் அன்று யூசாகு காலை ரயிலில் வந்தான். தலையில் நரை தட்டியிருந்தது. ஸ்டேஷன் வாசலில் அப்பாவின் காரைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றான். பிறகு முன் இருக்கையை மடக்கி, பெரிய உடம்பை வளைத்துப் பின்னால் நுழைந்து, முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தான். முன் இருக்கை அம்மாவுக்கு. அவன் சொல்லவுமில்லை, அவர் கேட்கவுமில்லை. வழியில் பிடித்த மழை விடாமல் பெய்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

கல்லறைக் கல்லை இரண்டு பேருமாகக் கழுவினார்கள். பூ வைத்து, குடை பிடித்து ஊதுவத்தி கொளுத்தினார்கள். காருக்குள் மெழுகுவத்தியா என்று தொகுஜி பாட்டரி விளக்குத்தான் கொண்டுவந்திருந்தார், அதை ஏற்றி வைத்தார்கள். தொகுஜி கைகூப்பினார். மசுயோ, வந்திருக்கிறோம், ஒரே வண்டியில் வந்திருக்கிறோம் என்றார்.

யூசாகு குடையை மடக்கிக் கீழே வைத்தான். மழையில் நனைந்தபடி அப்பா பக்கம் திரும்பி, இடுப்பு வளைய, சாவு வீட்டில் குனிந்ததைப் போல் இரண்டு பங்கு குனிந்தான். கல்லுக்குக் கேட்கிற குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"அப்பா, அன்னிக்கு உங்க பேச்சைக் கேக்காம வண்டியைக் கடலுக்குக் கொண்டுபோனேன். என்மேலதான் தப்பு. என்னை மன்னிச்சிடுங்க."

தொகுஜி பதினைந்து வருஷமாகக் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது, கனவில்கூடக் கேட்டிருந்தார். இப்போது அது ஒரு தப்பும் செய்யாதவன் வாயிலிருந்து வந்து நிற்கிறது. நீ ஏன்டா கேட்கிறாய், நானல்லவா உன் காலில் விழ வேண்டும் என்று அவர் வாய் திறந்தார். சொன்னால், அப்புறம் யார்தான் தப்பு செய்தது என்று மசுயோ கேட்பாள். கேட்காமல் விடுகிறவள் இல்லை அவள். மகன் குனிந்தபடியே நின்றான். அவன் பிடரியில் மழை வழிந்து சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"போகட்டும்டா," என்றார் தொகுஜி. தன் குரல் தனக்கே அந்நியமாக இருந்தது. "மன்னிச்சிட்டேன்."

யூசாகு நிமிர்ந்தான். கல்லைப் பார்த்து, "கேட்டுக்கிட்டீங்களா அம்மா? சரியாப் போச்சு. வாங்க, வீட்டுக்குப் போகலாம்" என்றான்.

விளக்கை முன் இருக்கையில் வைத்து, பெல்ட்டையும் மாட்டினார்கள். அவன் பழையபடி பின்னால் ஏறிக்கொண்டான். நாளை மதியம் அவனுக்கு ரயில். பண்டிகை முடிந்து மசுயோவை மறுபடி வழியனுப்புகிற நாள் அதற்கும் பின்னால். அதுவரை அவள் வீட்டிலேயே, அவர்கள் இருவருக்கும் நடுவிலேயே இருப்பாள். அவள் காதுபட அவர் மகனிடம் மன்னிச்சிடு என்ற வார்த்தையைச் சொல்ல முடியாது, அவள் போன பிறகு சொல்ல அவன் இருக்க மாட்டான். போனில் சொல்லிவிடுகிற வார்த்தையும் இல்லை அது. பாலத்தின் மேல் போகும்போது தொகுஜி கண்ணாடியில் மகனைப் பார்த்தார், சொல்ல வாயெடுத்தார். யூசாகு அவரைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தான். அவர் சாலையைப் பார்த்து ஓட்டினார்.